பெயர் வெளியே வராதாம்

1. தாளில் இருந்தபடி

எஸ்.ஐ. கொடுத்த தாள் மேலிடத்திலிருந்து வந்தது. ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

எனக்குப் போத்தனூர். பெயர் நாச்சிமுத்து. மைக் செட் ஆட்டோ வைத்திருக்கிறேன். மேலே இரண்டு கூம்பு. உள்ளே ஆம்ப்ளிபயர், பேட்டரி, பென் டிரைவ். ஓட்டுவதும் நான், குரலும் நான். ஐந்தாவது வரைதான் படிப்பு. எழுத்துக் கூட்டி வாசித்து, மனதில் ஏற்றிக்கொண்டு, பிறகு பேசிப் பதிவு செய்வேன். மதுக்கரையிலிருந்து மலை ஓரத்து ஊர்கள் வரைக்கும் குடிதண்ணீர் நிற்பது, கரண்ட் கட், சொட்டு மருந்து, கோயில் நோம்பி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, சாவு எல்லாம் என் குரலில்தான் போகும். வீட்டில் அதிகம் பேச மாட்டேன். பேச்சு தொழிலுக்கே சரியாகப் போய்விடும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்த ஸ்டேஷன், எந்த ஊர் என்று எழுதவில்லை. சில அடையாளங்களை மாற்றியும் இருக்கிறேன். ஏன் என்பது படித்தால் தெரியும்.

அப்போது மலை ஓரத்தில் ஒரு மக்காச்சோளக் காட்டில் பன்றிக்குச் சுட்டது ஓர் ஆள் தொடையில் பாய்ந்திருந்தது. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி. அதன் பிறகுதான் இந்த அறிவிப்பு வந்தது. தாளில் இருந்தது இவ்வளவுதான். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்களைப் பற்றித் தெரிந்தால் பொதுமக்கள் கீழ்க்காணும் எண்ணுக்குத் தகவல் தரலாம். தகவல் தருபவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும். அதற்கு அடியில் நம்பர்.

“ஏனுங்க சார், கீழ்க்காணும்னு மைக்குல சொன்னா சனங்க எங்கீங்க பாப்பாங்க?” என்று கேட்டேன்.

“என்னய்யா?”

“காகிதத்துல கீழ இருக்குதுங்க. சத்தத்துல கீழ எங்க இருக்குதுங்க?”

பக்கத்தில் இருந்த ஏட்டு சிரித்துவிட்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை.

“மேல இருந்து வந்த மேட்டர்யா இது. நீ திருத்துவியா? இருக்கறதப் படி.”

“நம்பர ரெண்டு தடவ சொல்லட்டுங்களா?”

“எத்தன தடவ எழுதியிருக்கு?”

“ஒண்ணுங்க.”

“அப்ப ஒண்ணு.”

ஊருக்கு ஊர் நான்கு முக்கில் நிறுத்திச் சொல்கிறேன் என்றேன். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா ஊரும் ஒரே நாளில் முடிய வேண்டும், ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்றார்.

ஓடுகிற ஆட்டோவில் ஒரு முழு அறிவிப்பு எந்த வீட்டுக்கும் கேட்காது. இதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டுக்குத் தலை கேட்கும். அடுத்த வளைவு வீட்டுக்கு வால் கேட்கும். அதனால்தான் முக்கியமானதை முன்னாலும் சொல்லி, பின்னாலும் சொல்கிறோம். இந்த அறிவிப்பில் நம்பர் வாலில் இருந்தது. பாதி ஊருக்கு அது கேட்காது என்று தெரிந்தேதான் வண்டியை எடுத்தேன்.

2. துப்பாக்கி ஆபீஸ்

என் ஆட்டோவின் முதுகில், கூம்புகளுக்கு நேர் கீழே, மஞ்சள் பெயிண்டில் என் செல் நம்பர் பெரிதாக இருந்தது. விசேஷங்களுக்கு அணுகவும் என்று மேலே சின்ன எழுத்து. சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்?

அன்றைக்குச் சாயங்காலமே போன் வந்தது.

“துப்பாக்கி ஆபீசுங்களா?”

“இல்லீங்க. மைக் செட்டுங்க.”

“அதானுங்க. வண்டில இருந்த நம்பர்தானுங்களே? கீழ்க்காணும்னு சொன்னீங்க, கீழ பாத்தேன். இருந்துச்சு.”

அவரிடம் சரியான நம்பரைக் கொடுத்து வைத்தேன். உடனே அடுத்த போன்.

“என்ற மச்சான்கிட்ட ஒண்ணு இருக்குதுங்க.”

“பாத்தீங்களா?”

“பாக்கலீங்க. ஆனா வெச்சிருக்கறவனாட்டத்தான் நடக்கறான்.”

இன்னொருவர் பக்கத்துத் தோட்டத்துக்காரரின் பெயர், அப்பன் பெயர், கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்பது வரை சொன்னார். துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, இரண்டு பேருக்கும் வண்டித்தடத்தில் தகராறு. ஒரு பெரியவர் வேறு மாதிரி.

“வர்ற வெசாழக்கெழம பேத்திக்குக் காது குத்துங்க. மைக் செட்டு காலியா இருக்குதுங்களா? துப்பாக்கியெல்லாம் வேண்டாமுங்க, பாட்டு மட்டும் போதும்.”

என் வீட்டுக்காரி தெய்வானை போனை எடுத்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“இந்தாங்க, யாரையோ புடிச்சுக் குடுக்கோணுமாமா. இத்தன நாளும் செத்தவங்களச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. இப்ப உசுரோட இருக்கறவங்களையே காட்டிக் குடுக்கறீங்களா?”

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். ஏட்டுக்குச் சந்தோஷம்.

“அட, நல்லதாப் போச்சேப்பா. வர்றத எல்லாம் எங்கிட்ட சொல்லு நாச்சிமுத்து. உனக்கும் ஒரு மரியாத.”

“அது என்ற சோலி இல்லீங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியில் பெயிண்ட் வாங்கி என் நம்பர் மேல் கறுப்பு அடித்தேன். குறித்து வைத்திருந்தவர்கள் அதற்குப் பிறகும் கூப்பிட்டார்கள்.

3. வராதுங்களா, வராதாமுங்களா

மதுக்கரை ரோட்டோரம் வண்டியை நிறுத்தி மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெண் கூப்பிட்டது. பின்னால் ஆடு கத்துகிற சத்தம்.

“ஏனுங்க, தண்ணி வராதுன்னு சொல்ற அண்ணனுங்களா?”

“ஆமாங்க அம்மணி.”

“துப்பாக்கிக்கு ஒண்ணு சொன்னீங்களே. அது நெசமுங்களா?”

எல்லோரிடமும் சொன்னதையே சொன்னேன். இது மைக் செட் நம்பர், அதற்கு வேறு நம்பர், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

“எழுத முடியாதுங்க. எழுதி எங்கீங்க வெக்கறது? சொல்லுங்க, மனசுல வெச்சுக்கறேன்.”

சொன்னேன். திருப்பிச் சொன்னது. ஓரிடத்தில் தப்பியது. மறுபடியும் சொல்லச் சொல்லி, சரியாக வரும் வரைக்கும் சொன்னது. வைத்துவிடும் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“எங்கூட்டுக்காரருதானுங்க. பன்னிக்குன்னு வாங்குனாரு. காடு அறுத்தாச்சு, இப்பப் பன்னியும் இல்லீங்க. அது ஊட்டுக்குள்ளதான் கெடக்குது. குடிச்சுப்போட்டு வந்தாருன்னா, சோத்துக்கு உக்கார்றப்ப மடியில வெச்சுக்கறாரு. கொழம்புல உப்புப் பத்தலீன்னு சொல்றப்பக்கூட அதையத் தொட்டுக்கிட்டேதான் சொல்றாருங்க.”

சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

“ரெண்டு பொண்ணுங்கண்ணா. சின்னவ அவரு உக்காந்தா சோறே உங்கறதில்ல. என்னைக்காச்சும் கை தவறிருச்சுன்னா என்னங்க பண்றது?”

“அந்த நம்பருக்குச் சொல்லுங்க அம்மணி.”

“பேரு வெளிய வராதுங்களா?”

தாளில் அப்படித்தான் இருந்தது. ஆனால் தாள் எழுதியவரை நான் பார்த்ததில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

“நீங்க கூப்பிட்டுப்போடாதீங்க. போன் அவரோடது. ஊட்டுல ஒண்ணுதான். காட்டுக்குப் போறப்ப சார்ஜ் போட்டுட்டுப் போவாரு, அப்பத்தான் என்ற கைக்கு வரும். நாளைக்கு நானே கூப்பிடறேன்.”

சோற்றை மூடி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்.ஐ. இருந்தார்.

“கலெக்டரே கேட்டாலும் பேரச் சொல்ல மாட்டோம்யா. தைரியமாச் சொல்லச் சொல்லு. ஆமா, யாரு அது?”

“தெரியாதுங்க சார்.”

ஏட்டு சிரித்தார். “பாத்தீங்களா சார், இவனே நம்மகிட்டச் சொல்ல மாட்டேங்கறான்.”

மறுநாள் அந்த அம்மணி கூப்பிட்டது.

“கேட்டேனுங்க அம்மணி. வராதாமுங்க.”

“வராதுங்களா, வராதாமுங்களா?”

“ஸ்டேஷன்ல கேட்டேன் அம்மணி. வராதாமுங்க.”

“மைக்குல நீங்க அப்படிச் சொல்லலீங்களே. ரகசியமா வைக்கப்படும்னு கண்டிசனாச் சொன்னீங்க.”

“அது தாள்ல இருந்ததுங்க. படிச்சேன்.”

கண்ணால் பார்க்காத ஒன்றை நாங்கள் யாரும் அந்த ஓர் எழுத்தைச் சேர்க்காமல் சொல்ல மாட்டோம். மழை பெய்ததாம், பெண் பார்க்க வந்தார்களாம், அவனுக்கு உடம்பு சரியில்லையாம். எனக்குத் தெரியாது, பிறர் சொன்னது என்று அர்த்தம். மைக்கில் அதற்கு இடமில்லை. நாளை தண்ணீர் வராதாம் என்று ஊருக்குள் சொல்லிக்கொண்டு போனால் சிரிப்பார்கள். அதனால் மைக்கில் எல்லாமே நானே கண்டதுபோல வரும். இத்தனை வருஷம் தொழில் செய்து, இதை யோசித்தது அன்றைக்குத்தான்.

“நீங்க தண்ணி வராதுன்னா வர்றதில்லீங்க” என்றது அந்த அம்மணி. “கரண்ட் போகும்னா போகுது. எங்க பெரிய மாமன் செத்ததும் உங்க கொரல்லதான் மொதல்ல கேட்டேன். போய்ப் பாத்தா அதும் நெசம்.” லேசாகச் சிரித்தது. “செரிங்கண்ணா. சொல்லிப்போடறேன்.”

4. சாளையில இருக்குதுங்க

அதற்குப் பிறகு சில வாரம் அந்த அம்மணியிடமிருந்து போன் இல்லை. நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நினைத்தேன். ஒரு நாள் புது நம்பரிலிருந்து வந்தது.

“நாந்தானுங்கண்ணா. வால்பாறையில இருந்து பேசறேன். தம்பி எஸ்டேட்டுல வேலைங்க. லைன் ஊட்டுல இருக்கறோம், நானும் சின்னவளும்.”

நடந்ததை அது சொன்னபடியே எழுதுகிறேன்.

அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு பெண் பிள்ளை எடுத்து மரியாதையாகப் பேசியதாம். ஊர், வீட்டுக்காரர் பெயர், தோட்டம் எல்லாம் சொல்லியிருக்கிறது. தன் பெயரைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. திருப்பிக் கூப்பிடாதீங்க, போன் அவருது என்றும் சொல்லியிருக்கிறது. சரிம்மா என்றதாம் அந்தப் பிள்ளை.

சில நாள் கழித்துக் காலையில் வீட்டுக்காரர் வாசலில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. அவரே எடுத்தார். பேசியது ஸ்டேஷன் ஏட்டு.

“துப்பாக்கி பத்தி இந்த நம்பர்ல இருந்து தகவல் குடுத்தீங்கல்ல. எந்த எடத்துல இருக்குது? ஊட்டுக்குள்ளயா, தோட்டத்துச் சாளையிலயா?”

அந்த ஆள் கோபப்படவில்லை. நான் யார் என்று சொல்லவுமில்லை. தகவல் கொடுத்தவர் போலவே பேசினார்.

“சாளையில இருக்குதுங்க. பொழுதோட வாங்க, அப்பத்தான் அவரு இருப்பாரு.”

வைத்துவிட்டு மீதி முகத்தையும் வழித்து முடித்தார். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் வந்தார். பொழுது சாயும்போது ஜீப் வந்தது. சாளைக் கொட்டகையைத் தேடினார்கள். மாட்டுத் தீவனம்தான் இருந்தது. வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொன்னார். அந்த அம்மணிதான் கொண்டுபோய்க் கொடுத்தது.

“அவங்க போற வரைக்கும் என்னையத் தொடவே இல்லீங்கண்ணா. வண்டி திரும்புற வரைக்கும் நின்னு வழியனுப்பிச்சுப்போட்டுத்தான் உள்ள வந்தாரு.”

“சுட்டாருங்களா?”

“சுடலீங்க. வெறகுக் கட்டையிலதான் அடிச்சாரு. கைய வெச்சு மறைச்சேன். மணிக்கட்டு போயிருச்சு. தொழுவத்துல வழுக்கி உளுந்தேன்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்கறோம்.”

பெரிய பெண் பத்தாவது. பரீட்சை நடக்கிறது. அப்பன் அவளை அம்மாவோடு அனுப்ப மாட்டேன் என்றிருக்கிறார். அவளும் எழுதி முடிக்காமல் வர மாட்டேன் என்றிருக்கிறாள்.

“துப்பாக்கி இன்னும் அவரு கையிலதானுங்க இருக்குது. பெரியவளும் அங்கதான் இருக்கறா.”

“நான்தானுங்க அந்த நம்பரக் குடுத்தேன்” என்றேன்.

“உங்களக் கொற சொல்லலீங்கண்ணா. நீங்க வராதாம்னுதான் சொன்னீங்க.”

திட்டியிருந்தால் தேவலை.

“வேற நம்பர் ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்று கேட்டது.

என்னிடம் இல்லை.

5. பெயரைச் சொல்லவே இல்லை

ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். எஸ்.ஐ. கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே பேசினார்.

“யாருய்யா பேரச் சொன்னது? நாங்க சொன்னமா?”

“அவங்க ஊட்டு நம்பருக்குக் கூப்பிட்டீங்களாமுங்க.”

ஏட்டு நாற்காலியைத் திருப்பினார். “மேல இருந்து நம்பரும் தோட்டமும்தானப்பா வந்துச்சு. குடுத்தவங்க பேரே எனக்குத் தெரியாது. எங்க வெச்சிருக்காங்கன்னு கேக்காம எப்படிப் போறது?”

“கூப்பிட வேண்டாம்னு சொல்லியிருக்குதுங்க அந்தம்மா.”

“அது எனக்கு வரலியே.”

எஸ்.ஐ. தலை நிமிர்ந்தார். “பேரு ரகசியமா வைக்கப்படும்னு போட்டிருக்கு. இப்பவும் ரகசியமாத்தான இருக்கு?”

தாளின்படி அவர் சொன்னது சரி. நம்பரைப் பற்றித் தாளில் ஒன்றும் இல்லை.

“ஒரு பொண்ணு அந்த ஊட்டுலயே இருக்குதுங்க சார். மறுக்காப் போய்ப் பாருங்க.”

“ஒரு தடவ போயி வெறுங்கையோட வந்தாச்சு. பொய்த் தகவல் குடுத்து அவமானப்படுத்திட்டாங்கன்னு அந்தாளு மனுவே குடுத்திருக்கான், தெரியுமா? வாரண்ட் கிரண்ட்னு என்னைய மாட்டி விடப் பாக்கறியா?”

வெளியே வந்தபோது ஏட்டு பின்னாலேயே வந்தார். நம்ம ஊர்க்காரர்தான். அவருக்கும் பெண் பிள்ளை உண்டு.

“நாச்சிமுத்து, நான் வேணும்னு பண்ணலப்பா.”

“தெரியுமுங்க.”

“அந்தக் கொரலு ஆம்பளக் கொரலுன்னு அப்பவே தட்டுச்சு. தகவல் குடுத்தது யாருன்னே எனக்குத்தான் தெரியாதே. எப்படிச் சந்தேகப்படறது?”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்தப் போன் விஷயத்தில் தப்புச் செய்தவர் என்று ஒருவரையும் பிடிக்க முடியாது. கையொடிந்தது மட்டும் உண்மை.

மனு வாங்குகிற நாளில் போலீஸ் பெரிய ஆபீசுக்குப் போனேன். என் முறை வந்தது. அங்கே எழுதுகிறவர் குனிந்தபடி கேட்டார்.

“யாருக்குப் பாதிப்பு? பேரு, விலாசம்?”

“பேரச் சொல்லக் கூடாதுங்க.”

“பேரில்லாம மனு எடுக்க முடியாதுங்க.”

“என்ற பேரப் போட்டுக்குங்க.”

“நீங்க துப்பாக்கிய நேர்ல பாத்தீங்களா?”

“இல்லீங்க. வெச்சிருக்காராமுங்க.”

பேனாவை மூடினார். “ஆமும் ஊமும் வெச்சு நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க. இதுக்குன்னு ஒரு நம்பர் இருக்குது. அதுக்குக் கூப்பிட்டுச் சொல்லுங்க. உங்க பேரு வெளிய வராது.”

எனக்குப் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.

6. ஜவுளித் தள்ளுபடி

கடைசிப் பரீட்சை அன்றைக்கு அந்த அம்மணி வால்பாறையிலிருந்து மறுபடியும் பேசியது. பெரியவள் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கிளம்பி வருகிறாள். கூடப் படிக்கிற பெண்ணின் போனில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். தாய்மாமன் கிணத்துக்கடவில் நிற்பான். பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்பன் காதுக்குப் போய்விடும்.

“உங்களத்தான் கேக்கறேங்கண்ணா. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிப்போடுங்க.”

“வாரேனுங்க” என்றேன்.

மைக் செட் ஆட்டோ சத்தமில்லாமல் ஊருக்குள் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். என்ன ஆச்சு, வண்டி ரிப்பேரா, யாரை ஏற்றிக்கொண்டு போகிறான் என்று கேட்பார்கள். கத்திக்கொண்டே போனால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பழைய ஜவுளித் தள்ளுபடி ஒன்று பென் டிரைவில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு போனேன்.

பள்ளிக்கூடத்துப் பின்பக்கச் சந்தில் அந்தப் பெண் நின்றது. ஒல்லி. கையில் பரீட்சை அட்டை. ஏறி, பேட்டரிக்கும் பேனர் சுருளுக்கும் நடுவில் உட்கார்ந்தது. மேலே படுதாவை இழுத்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்து முன்பக்கம்தான் ரோடு. வேறு வழி கிடையாது. அங்கே பேக்கரி ஓரம் பைக்கில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி. அதற்குள் அவர் யார் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் அறிவிப்புக்குப் போனபோது பார்த்து வைத்திருந்தேன். அவர் கையைக் காட்டினார். நிறுத்தாமல் போனால் தப்பாகிவிடும். நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை.

“ஏனுங்க மைக் செட்டு, சவுண்டச் சித்தக் கொறைங்க. எங்கீங்க தள்ளுபடி?”

“டவுனுல, கடவீதிங்க.”

“பொண்ணுக்கு ரெண்டு செட்டுத் துணி எடுக்கோணும். இன்னைக்குத்தான் பரீட்சை முடியுது. பாவம், ராவும் பகலும் படிச்சுது.”

“எடுங்க.”

“கூட்டிட்டுப் போலாம்னு நிக்கறேன். எல்லாப் புள்ளைகளும் வந்துருச்சு. எங்க புள்ளையத்தான் காணோம்.” பள்ளிக்கூட வாசலையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “டீ சாப்புடறீங்களா?”

“வேண்டாமுங்க. இன்னும் நாலு ஊரு சுத்தோணும்.”

“செரி, போயிட்டு வாங்க. நல்லாப் பேசறீங்க நீங்க. சுத்தமா வெளங்குது.”

சவுண்டைப் பழையபடி ஏற்றிவிட்டு நகர்ந்தேன். ரயில்வே பாலம் தாண்டும் வரைக்கும் ஏற்றிய சவுண்டைக் குறைக்கவில்லை.

பொள்ளாச்சி ரோட்டுக்கு வந்து சேர்ந்ததும் அறிவிப்பை நிறுத்தினேன். படுதாவுக்குள் இருந்து குரல் வந்தது.

“எங்கப்பா நல்லாத்தான் பேசுவாருங்க.”

கிணத்துக்கடவில் மாமன் நின்றிருந்தான். அவளை இறக்கிவிட்டதும் மலைக்குப் போகிற வழியைப் பார்த்து நின்றாள். பிறகு பரீட்சை அட்டையைப் படுதாவுக்குள் விட்டுவிட்டதாகச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். பஸ் வந்தது. போனார்கள்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

அடுத்த முறை எஸ்.ஐ. கூப்பிட்டு அதே தாளைக் கொடுத்தார். ஒரு சொல்லும் மாறவில்லை. ரகசியம் என்கிற வரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொன்னவர்களைத் திருப்பிக் கூப்பிட மாட்டோம் என்று ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள் என்றேன்.

“நீ என்ன எனக்கு மேலதிகாரியா?”

“அப்ப என்னால முடியாதுங்க சார்.”

“வெளிய நிறைய ஆட்டோ இருக்குய்யா.”

இருந்தது. குனியமுத்தூர்ப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். நல்ல குரல். அவனிடம் போய்ச் சொன்னேன். “அண்ணா, பேசறதுக்குத்தான் காசு, அதுக்கு மேல நமக்கென்னங்க?” என்றான். எனக்கு ஸ்டேஷன் வேலை நின்றது. அதைப் பார்த்துப் பஞ்சாயத்து வேலையும் நின்றது. இப்போது ஜவுளியும் சாவும்தான்.

தெய்வானை ஒரு நாள் கேட்டாள். “ஒரு வரிக்காக இத்தனையும் உட்டுப்போட்டீங்களா?” ஆமாம் என்றேன்.

நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தள்ளுபடி என்று நீ சொல்லி, போன இடத்தில் தள்ளுபடி இல்லாவிட்டால் வந்தவர் திட்டிவிட்டுத் திரும்பிப் போவார். அதோடு முடிந்தது. ஆனால் பாதுகாப்பு, ரகசியம், உடனடி நடவடிக்கை என்கிற சொற்கள் அப்படியல்ல. எங்கோ ஒரு வீட்டுக்குள் யாரோ ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அரசாங்கத்தைத் தெரியாது. உன் குரலைத் தெரியும். அவள் நம்புவது அதைத்தான். அந்த மாதிரிச் சொல் தாளில் வந்தால், இது தவறிப்போனால் யாரிடம் வந்து கேட்பது என்று கேள். ஓர் ஆளின் பெயரைக் கேள். ஆபீஸ் பெயரைச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. பெயர் தர மாட்டார்கள். தாளைத் திருப்பிக் கொடுத்துவிடு. வேலை போகும். அடுத்தவன் எடுப்பான். அறிவிப்பு ஊருக்குள் போகத்தான் போகும். உன் குரலில் போகாது, அவ்வளவுதான். அது பெரிய விஷயம் என்று நான் சொல்லவில்லை.

அந்தத் துப்பாக்கி இன்னும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் போன் பண்ணுவதில்லை.